‘மேலும்’ போய் ‘ஆகவே’ வந்தது

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மணி பத்தே முக்கால். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சமையல் மேடையில் நோட்டை வைத்து, நின்றபடியே ஒரு வாக்கியம் எழுதினேன்: “அத்திரம்பாக்கத்தின் வயதை மாற்றியது, ‘இதோடு முடிந்தது’ என்று எல்லோரும் நினைத்த ஒரு களிமண் அடுக்கின் மேல் எழுந்த சந்தேகம்.” உடனே வீட்டுக்காரரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் அவர், “இது எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று கேட்டார்.

“எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. நாலஞ்சு புத்தகத்தைப் படிச்சுட்டு நானா சொல்றேன்.”

இப்படி ஒரு பதிலை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம், கல்லூரியில் மூன்று வருடம், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ‘நானா சொல்றேன்’ என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. முப்பத்தாறு வயதில் அந்த ஒரு வரி வந்தது. அதன் பிறகு செய்தித்தாள் படிப்பது, வேலை பார்ப்பது, பிள்ளைகளோடு பேசுவது எல்லாமே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையின் லேப்பில் வேலை பார்க்கிறேன். ஸ்க்ராப்பை உருக்கி, பில்லெட் வார்த்து, கட்டடக் கம்பி உருட்டும் ஆலை. படித்தது வேதியியல். சின்ன வயதிலிருந்தே வரலாற்றின் மேல் தீராத ஆசை. இரண்டு வருடம் முன்பு அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், உலகமே பேசுகிற கற்காலக் களமான அத்திரம்பாக்கம் இருக்கும்போது வேறு எதற்குப் போவது? கொசஸ்தலையாற்றுப் படுகையில் நடந்த கற்கால ஆய்வுகளின் வரலாறு என்று தலைப்பு வைத்தேன்.

ஆறு மாதம் உயிரைக் கொடுத்துப் படித்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் கைப்பேசியில் ஒரு கட்டுரையைத் திறந்தால், பேசின் பாலத்தில்தான் நிமிர்வேன். ரயிலை விட்டு இறங்கி எழும்பூர் போனால் கன்னிமாரா நூலகம், அதே வளாகத்தில் அருங்காட்சியகம். அறுபத்திரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு என் நெறியாளரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற பேராசிரியை அவர். நாங்கள் எல்லோரும் ‘மேடம்’ என்றே கூப்பிடுவோம்.

மேடம் உடனே எதுவும் சொல்லவில்லை. பேத்தியின் பெட்டியிலிருந்து கலர் பென்சில்களை எடுத்துவந்து மேசையில் பரப்பினார். “ஒவ்வொரு வாக்கியமும் எந்த ஆய்வாளருடையதுன்னு பார்த்து நிறம் தீட்டும்மா. ராபர்ட் புரூஸ் ஃபுட் சொன்னது சிவப்பு. கிருஷ்ணசுவாமி சொன்னது நீலம். சாந்தி பப்பு சொன்னது மஞ்சள். நீ சொன்னதுக்குப் பச்சை.”

மூன்று பக்கம் தீட்டினேன். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பக்கம் நிறைந்தது. பச்சைப் பென்சிலைத் தொடவே இல்லை. நிறமில்லாமல் வெள்ளையாக நின்றது ஒரே ஒரு சொல்தான். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் இருந்த ‘மேலும்’. ஃபுட் இப்படிச் சொன்னார். மேலும், கிருஷ்ணசுவாமி இப்படிச் சொன்னார். மேலும், பப்பு இப்படிச் சொன்னார்.

மேடம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: “இந்த ‘மேலும்’ எல்லாத்தையும் எடுத்துட்டு, அந்த இடத்துல ‘ஆனால்’, ‘ஏனென்றால்’, ‘ஆகவே’ இதுல எது பொருந்தும்னு பாரும்மா. எதுவுமே பொருந்தலைன்னா அந்த ரெண்டு பத்தியும் பக்கத்துல உட்கார்ந்திருக்கு, பேசிக்கலைன்னு அர்த்தம். பேச வைக்கிறதுதான் உன் வேலை.”

எத்தனை எளிமையான சோதனை! இன்றுவரை ஒவ்வொரு பக்கத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். வீட்டுக்குப் போய் முதல் ‘மேலும்’ மேல் கை வைத்தேன். ‘ஆனால்’ என்று மாற்றினேன். அப்படி மாற்றினால் இருவரும் எங்கே முரண்படுகிறார்கள் என்று காட்டியாக வேண்டும். காட்ட வேண்டுமென்றால் இருவரையும் திரும்பப் படிக்க வேண்டும். படித்தேன். முதல் தடவை கண்ணில் படாததெல்லாம் இப்போது எழுந்து நின்றது.

அடுத்த முறை போனபோது மேடம் என் கையில் நன்னூலைக் கொடுத்தார். பள்ளியில் புணர்ச்சி விதிக்காக மனப்பாடம் செய்த அதே நன்னூல்! எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் எழுதியது. அதன் பாயிரத்தில், நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகள் ஏழு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ‘மதம்’ என்று அதற்குப் பெயர். இங்கே மதம் என்றால் கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதை ஏற்றுக்கொள்வது ஒன்று. மறுப்பது ஒன்று. முதலில் ஏற்றுக்கொண்டு நடந்து, பிறகு அதைக் களைவது ஒன்று. தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிறுத்துவது ஒன்று. இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிவது ஒன்று. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று. யாரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது ஒன்று.

படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏழில் ஐந்து, பிறர் சொன்னதைத் தொட்டுத்தான் நடக்கின்றன! சொந்தக் கருத்து என்றால் யாரையும் படிக்காமல் வானத்திலிருந்து இறங்குவது என்று எண்ணிப் பயந்துகொண்டிருந்தேன். பவணந்தியார் சொல்வதோ, முன்னோர் பேச்சுக்குள் புகுந்து நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டு என்பதைத்தான். அதே பாயிரம் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. வழிநூல் முன்னோரைப் பின்பற்றி வந்தாலும், பின்வந்தவர் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துத் தர வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் 2006 முதல் பரவிய ஒரு கட்டுரைப் பயிற்சி நூல் உண்டு, கிராஃபும் பிர்கென்ஸ்டைனும் எழுதிய ‘தே ஸே, ஐ ஸே’. ‘அவர்கள் சொல்கிறார்கள், நான் சொல்கிறேன்’ என்பதே அதன் பெயர். அதையும் விரும்பிப் படித்தேன். ஆனால் நம் வீட்டு அலமாரியிலேயே இந்தக் கலை இத்தனை காலம் இருந்திருக்கிறது என்பது தந்த பெருமிதம் தனி.

ஏழு வழிகளையும் ஒரு அட்டையில் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அத்திரம்பாக்கத்துக்குத் திரும்பினேன். எத்தனை அருமையான கதை அங்கே காத்திருந்தது தெரியுமா!

1859இல் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கல்கருவிகளை இங்கிலாந்து அறிஞர்கள் போய்ப் பார்த்து, அவை மிகப் பழங்கால மனிதர் செய்தவையே என்று ஏற்றார்கள். அப்போது இந்திய நிலவியல் துறையின் அதிகாரியாக மதராஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அந்த ஊர்ச் செய்தியைப் படித்தவர், இந்த ஊர் மண்ணைப் பார்த்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்கருவி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். ஓடை அரித்த பள்ளங்களில் குவார்ட்சைட் கல்லில் செய்த கருவிகள். இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்ற வாதம் அப்படிப் பிறந்தது. 1866இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதைப் பத்துத் தடவை முன்பே எழுதியிருந்தேன், தகவலாக. இப்போது அட்டையை வைத்துக்கொண்டு கேட்டேன்: ஃபுட் என்ன செய்தார்? பிரான்சில் எழுந்த கேள்வியை எடுத்தார், பதிலை மட்டும் இந்த மண்ணிடம் கேட்டார். கேள்வி கடன், பதில் சொந்தம். முதல் பச்சை வரி அப்படித்தான் என் நோட்டில் விழுந்தது.

அடுத்தது இன்னும் ருசியானது. ஃபுட்டுக்குப் பிறகு 1930களிலிருந்து வி.டி. கிருஷ்ணசுவாமி போன்றவர்கள் இந்த ஆற்றுப் படுகையில் வேலை செய்தார்கள். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி தோண்டினார். அத்திரம்பாக்கத்தில் மேலே சரளை, மண். கீழே தகடு தகடாகப் படிந்த ஒரு களிமண். அந்தக் களிமண், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துப் படிவம் என்று முந்தைய ஆய்வுகளில் கருதப்பட்டது. பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தையது என்றால் அதற்குள் மனிதக் கருவி எப்படி இருக்கும்? களிமண் வந்தால் கதை முடிந்தது.

1999இல் சென்னையிலுள்ள சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு அங்கே அகழாய்வைத் தொடங்கினார். குமார் அகிலேஷும் அவரோடு உழைத்தார். அவர்கள் அந்தக் களிமண்ணுக்குள்ளும் இறங்கினார்கள். உள்ளே கைக்கோடரிகள்! இன்னும் கீழே, இன்னும் கீழே, கருவிகள் வந்துகொண்டே இருந்தன. அப்படியானால் அது கிரெட்டேசியஸ் படிவமே இல்லை. மனிதர் நடமாடிய காலத்தில் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த களிமண். 2003இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது ரயில் மீஞ்சூரில் நின்றிருந்தது. யாரோ கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனார். நான் மட்டும் அத்திரம்பாக்கத்துக் குழிக்குள் இருந்தேன். பழைய கட்டுரைகளை ஒதுக்கிவைத்தவர் இல்லை சாந்தி பப்பு. அவற்றை வரி வரியாகப் படித்தவர். ஃபுட்டின் வாழ்க்கையைத் தேடி ஒரு கட்டுரையே எழுதியவர். அவ்வளவு நெருங்கிப் படித்தவருக்குத்தான் முன்னோரின் பேச்சில் எந்த இடம் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று தெரியும்!

பிறகு வயது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுவகைகளை உண்டாக்குகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் புதிதாக உண்டாவது நின்றுபோகிறது. இருப்பது சிதைய ஆரம்பிக்கிறது. அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைவதால், இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். அப்படி அளந்து வந்த வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் களிமண், தெற்காசிய மனித வரலாற்றையே பின்னால் தள்ளிவிட்டது!

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்த அன்று இரவுதான், சமையல் மேடையில் அந்த வாக்கியம் வந்தது.

வாக்கியம் வந்தால் போதாது, அது நிற்க வேண்டும் என்றார் மேடம். அதற்கு ஒரு வழியும் உண்டு. ஸ்டீஃபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1958இல் வாதத்தைப் பிரித்துக் காட்டினார். கூற்று, சான்று, இரண்டையும் கட்டும் நியாயம். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் நாம் எழுதாமல் விழுங்கிவிடுகிறோம். களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூற்று: இது கிரெட்டேசியஸ் படிவம் இல்லை. சான்று: உள்ளே கைக்கோடரி இருக்கிறது. நியாயம்: கலையாத அடுக்குக்குள் மனிதர் செய்த பொருள் இருந்தால், அந்த அடுக்கு மனிதர் தோன்றிய பிறகு படிந்தது. இந்த மூன்றாவதை எழுதியவுடன் ‘கலையாத’ என்ற சொல் நம்மைப் பார்த்து முறைக்கும். விரிசல் வழியாக மேலிருந்த கல் உள்ளே இறங்கியிருக்கலாமே? அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அகழாய்வில் ஒவ்வொரு கல்லும் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் கிடந்தது என்று குறிக்கிறார்கள். நியாயத்தை வாய்விட்டுச் சொல்லும்போது, எந்த இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடுகிறது. என்ன அழகு!

என் லேப் வேலையும் எனக்குப் புதிதாகப் புரிய ஆரம்பித்தது. எங்கள் யார்டுக்கு எல்லா வகை ஸ்க்ராப்பும் வரும். பழைய பைக் உதிரி, உடைந்த இயந்திரம், தகடு, கம்பி. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் பாஸ்பரஸை எடுப்பது கடினம். அதனால் உள்ளே போடும்போதே பார்த்துப் போட வேண்டும். கெட்ட ஸ்க்ராப்பின் குற்றம் கம்பிவரை வரும். ஆதார நூலும் அப்படித்தான்! யார் எழுதியது, நேரில் பார்த்து எழுதினாரா, கேட்டு எழுதினாரா என்று முதலிலேயே பிரிக்காவிட்டால், கடைசியில் எத்தனை அழகாக எழுதினாலும் அந்தக் குற்றம் போகாது. உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து, சாம்பிள் வார்த்து, ஸ்பெக்ட்ரோவில் வைத்து கார்பன், மாங்கனீஸ் பார்க்காமல் நான் ‘ஓகே’ சொல்வதில்லை. வார்த்த ஒவ்வொரு பில்லெட்டுக்கும் ஹீட் நம்பர் உண்டு. கட்டடத்தில் ஒரு கம்பி முறிந்தால், அந்த நம்பரை வைத்து எந்த நாள், எந்த உருக்கு என்று தேடிப் போய்விடலாம். அடிக்குறிப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை. அதுதான் என் வாக்கியத்தின் ஹீட் நம்பர். முன்பு அடிக்குறிப்பைச் சம்பிரதாயமாகப் போடுவேன். இப்போது ஒவ்வொன்றையும் மரியாதையோடு போடுகிறேன். வாசகர் என்னை நம்ப வேண்டாம், போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதுபோல இருக்கிறது.

பிப்ரவரியில் மேடம் என் வரைவைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தைப் பச்சையில் அழகாகத் தீட்டியிருந்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: “காலக்கணிப்பு முறை வராமல் இருந்திருந்தால், வெறும் சந்தேகத்தால் வயது மாறியிருக்குமா?”

அந்தக் கேள்வியைப் பார்த்து நான் குதிக்காத குறைதான். அறுபத்திரண்டு பக்க முதல் வரைவில் அவர் இப்படி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்? அதில் மறுப்பதற்கு என் சொல் எதுவும் இல்லையே! இப்போது என்னை மறுக்கிறார் என்றால், நானும் பேச்சுக்குள் வந்துவிட்டேன் என்று பொருள்.

இரண்டு வாரம் அந்தக் கேள்வியோடு வாழ்ந்தேன். நைட் ஷிஃப்டில், ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவே, ஆண்டுகளை எழுதி எழுதிப் பார்த்தேன். 1999 அகழாய்வு. 2003 களிமண் பற்றிய கட்டுரை. 2011 வயது. சட்டென்று வெளிச்சம் வந்தது. களிமண் இளையது என்று சொன்னது 2003இல். 15 லட்சம் என்று அளந்தது 2011இல். சந்தேகம் முன்னால் போய்க் கதவைத் திறந்திருக்கிறது, அளவுகோல் பின்னால் வந்து உள்ளே நுழைந்திருக்கிறது. அளவுகோல் மட்டும் இருந்து, களிமண்ணுக்குள் யாரும் இறங்கியிருக்காவிட்டால் அளக்க அங்கே கருவியே இருந்திருக்காது. மேடம் சொன்னதிலும் உண்மை இருக்கிறது: சந்தேகம் எண்ணைத் தராது. ஆகவே என் வாக்கியத்தைத் திருத்தினேன். “அத்திரம்பாக்கத்தின் வயதை முதலில் அசைத்தது, முடிந்துவிட்டதாக நினைத்த களிமண் அடுக்கின் மேல் எழுந்த சந்தேகம், புதிய காலக்கணிப்பு அதற்கு எண் கொடுத்தது.” ‘முதலில்’ என்று ஒரு சொல். ‘மாற்றியது’ போய் ‘அசைத்தது’. நன்னூலின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏற்கவும் செய்திருக்கிறேன், என்னுடையதை நிறுத்தவும் செய்திருக்கிறேன். அன்று விடிகாலையில் ஆலை வாசலில் குடித்த டீக்கு இணையான டீயை நான் குடித்ததே இல்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எங்கே நிறுத்துவது என்று. 2018இல் ‘நேச்சர்’ இதழில் அதே குழு எழுதிய கட்டுரை, அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிமுறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியது. நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோதுதான் இந்த நுட்பமும் இங்கே வந்தது என்ற கருத்தை மறுபடி யோசிக்க வைத்த கட்டுரை அது. ஆனால் அந்தக் கருவிகளைச் செய்தவர் எந்த மனித இனம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. ஏனென்றால் அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. உலகமே காது கொடுத்துக் கேட்கும் நேரத்தில், சான்று நிற்கும் இடத்தில் தன் சொல்லையும் நிறுத்துவதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும்!

இந்தக் கண்ணோடு நம் வட்டாரத்தைப் பார்த்தால் திரும்பிய பக்கமெல்லாம் கேள்விகள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் பிடியுங்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் இடமும், அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் அங்கே இருக்கின்றன. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் அதுதான். அந்தக் கம்பெனியின் கணக்குகளும் கடிதங்களும் நெதர்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. தபன் ராய்சௌத்ரி அவற்றைப் படித்து 1962இல் ‘யான் கம்பெனி இன் கோரமண்டல்’ எழுதினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினமும் டச்சு ஆவணங்களில் மூழ்கியவர். 1986இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு ‘மெர்ச்சன்ட்ஸ், கம்பெனீஸ் அண்ட் காமர்ஸ் ஆன் தி கோரமண்டல் கோஸ்ட்’. முதல் சொல்லே வணிகர்கள், கம்பெனிகள் அடுத்துதான். கம்பெனிக்காரன் தன் லாபத்துக்காக எழுதிவைத்த கணக்கிலிருந்து, அவனோடு பேரம் பேசிய நம் கரை வணிகர்களின் உலகத்தை வெளியே கொண்டுவந்தார் அவர். எழுதியவன் எதற்காக எழுதினானோ அதற்காக மட்டும்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை! இதை உணர்ந்த நாளில், எங்கள் ஆலையின் பழைய கேட் பாஸ் ரிஜிஸ்டர்கூட எனக்கு ஒரு வரலாற்று நூலாகத் தெரிந்தது. யார் எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் இந்த சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தார்கள் என்று அது சொல்லுமே.

நீங்களும் ஆய்வேடோ கட்டுரையோ எழுதிக்கொண்டிருந்தால், எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுக் குறிப்பு எடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஆசிரியரின் வாக்கியம் நம் கையில் ஒட்டிக்கொள்ளும். நோட்டில் ஒரு பக்கம் அவர் சொன்னது. எதிர்ப் பக்கம் காலியாக, உங்கள் சந்தேகத்துக்கும் ஆச்சரியத்துக்கும். என் கட்டுரைக்கு வேண்டியதில் பாதி, அந்த எதிர்ப் பக்கங்களிலிருந்துதான் வந்தது. இரண்டு நூல்களைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படிக்கும்போது தலையாட்டத்தான் தோன்றும். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே உட்காருங்கள். கடைசியாக, உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில், படிக்காத ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். நான் எங்கள் மெல்ட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அப்போ தரைன்னு நெனச்சது தரை இல்லையா?” என்றார். என் ஆய்வேடு முழுவதையும் அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார்! அந்த வரி என் முன்னுரைக்குத் தலைப்பாகிவிட்டது.

ஆய்வேட்டைச் சித்திரையில் கொடுத்தேன். கொடுத்த கையோடு, ஊத்துக்கோட்டை வழியாக வண்டியில் அத்திரம்பாக்கம் போய்வந்தோம். முள்செடிகளும், மழை அரித்த பள்ளங்களும், வெயிலும்தான் இருந்தன. வீட்டுக்காரர், “இங்க என்னம்மா இருக்கு?” என்றார். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். எது ஃபுட் சொன்னது, எது பப்பு சொன்னது, எது நான் சொல்வது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். ஒரு கல்லையும் தொடவில்லை. கல் கிடக்கும் இடம்தானே சான்று.

போன வாரம் லேப்பில் என்னோடு இருக்கும் தம்பி, டிப்ளமோ புராஜெக்டை எடுத்துக்கொண்டு வந்தான். “அக்கா, நாற்பது பக்கம் ஆயிடுச்சு. ஆனா சார் திருப்பித் திருப்பி அனுப்புறாரு. என்ன குறைன்னே தெரியலை” என்றான். கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கி என் டிராயரில் எப்போதும் வைத்திருக்கும் கலர் பென்சில் பெட்டியை எடுத்து அவன் முன் வைத்தேன். ஒவ்வொரு வாக்கியமாகத் தீட்டச் சொன்னேன். மூன்றாவது பக்கம் முடிந்ததும் அவன் கை நின்றது. நிறம் படாத அந்த ஒரே சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பச்சைப் பென்சிலைச் சீவி அவன் பக்கம் நகர்த்தினேன்.